அப்பா போட்ட முதல், கையாடிய பணமாக இருந்தால் என்ன செய்வது?

கேள்வி:

ஐயா, வணக்கம். என் அப்பா ஒரு தனியார் நிறுவனத்தில் 19 வருடம் காசாளராக இருந்தார். வேலையை விட்ட நாலாவது மாதமே அச்சகம் ஆரம்பித்தார். பூர்வீக நிலத்தை விற்றுப் போட்ட முதல் என்றுதான் வீட்டில் பேச்சு. அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. ஒன்பது வருடமாக அச்சகத்தை நான்தான் நடத்துகிறேன். இரண்டு மெஷின் இருந்த இடத்தில் இப்போது ஐந்து. 14 பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் அப்பாவின் பீரோவில் ஒரு கோப்பு கிடைத்தது. பழைய நிறுவனத்தின் வவுச்சர் நகல்கள், நிரப்பாத ரசீதுகள், அப்பாவின் கையெழுத்தில் தேதிவாரியாக ஒரு தொகைப் பட்டியல். அதன் கூட்டுத்தொகையும் முதல் மெஷின் பில்லும் கிட்டத்தட்ட ஒன்று. நிலம் விற்ற பத்திரம் வீட்டில் இல்லை. அம்மா இதைப் பற்றிப் பேசவே மறுக்கிறார். இப்போது புது மெஷினுக்காக வங்கியில் கடன் கேட்டிருக்கிறேன், கூட்டாளியாகச் சேர ஒரு நண்பரும் தயாராக இருக்கிறார். தொடக்க முதலீடு எங்கிருந்து வந்தது என்று வங்கிப் படிவத்தில் கேட்கிறார்கள். தப்பு செய்தது நான் இல்லை. வரி ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன். மனைவி பெயரில் புது நிறுவனம் தொடங்கி அச்சகத்தை அதற்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீருமா? கோப்பின் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

பதில்:

வணக்கம். நீங்கள் இணைத்த படங்களை நான் திறக்கவில்லை. ஏன் என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் ஆடிட்டர், வழக்கறிஞர் அல்ல. சட்ட ஆலோசனைக்காக வழக்கறிஞரிடம் சொல்வதை வெளியே கக்க வைக்க முடியாது என்ற பாதுகாப்பு பெரும்பாலான நாடுகளில் உண்டு. ஆடிட்டரிடம் சொல்வதற்கு அது பெரும்பாலும் கிடையாது. போதாக்குறைக்கு, சந்தேகத்துக்குரிய பணத்தைக் கண்டால் அரசுக்குத் தெரிவிக்கும் கடமையைப் பல நாடுகள் எங்கள் தலையிலும் வைத்திருக்கின்றன. இந்தியாவிலும் 2023 மே மாதத்திலிருந்து, வாடிக்கையாளர் சார்பில் சொத்து வாங்கி விற்பது, அவர் பணத்தை நிர்வகிப்பது போன்ற சில வேலைகளைச் செய்யும் ஆடிட்டர்கள் அந்த வளையத்துக்குள் வந்துவிட்டார்கள். ஆகவே என் பிழைப்புக்கு எதிராகவே சொல்கிறேன்: இதை முதலில் உங்கள் ஆடிட்டரிடம் கொண்டுபோகாதீர்கள். பொருளாதாரக் குற்ற வழக்குகளில் அனுபவம் உள்ள ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். கணக்கைப் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் அவரே ஒருவரை அமர்த்தட்டும்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்றும் நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை. குற்றப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் சட்டங்கள் ஊருக்கு ஊர் மாறினாலும், உங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஒரே பிளேட்டில் அடித்தவை. 1988-இல் வியன்னாவில் கையெழுத்தான ஐ.நா. உடன்படிக்கை, போதைப்பொருள் பணத்தை வெள்ளையாக்குவதைக் குற்றமாக்கச் சொன்னது. 1989-இல் ஜி-7 நாடுகள் சேர்ந்து, இதைத் தடுக்கும் விதிகளை வகுக்க எஃப்.ஏ.டி.எஃப். என்ற நிதி நடவடிக்கைப் பணிக்குழுவை உருவாக்கின. 2000-இல் வந்த இன்னொரு ஐ.நா. உடன்படிக்கையான பலேர்மோ உடன்படிக்கை மற்ற கடுங்குற்றங்களுக்கும் அதை விரித்தது. மலேசியாவின் 2001 சட்டம், இந்தியாவிலும் இங்கிலாந்திலும் 2002-இல் வந்த சட்டங்கள், இலங்கையின் 2006 சட்டம் எல்லாம் இந்த வரிசையில் வந்தவைதான். எனவே பொதுவாக எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உங்கள் ஊர் நிலவரத்தை வழக்கறிஞர் சொல்வார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தக் கோப்பு எதை நிரூபிக்கிறது? நீங்கள் தீர்ப்பே எழுதிவிட்டது போலத் தெரிகிறது. எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை. நிலத்தை விற்றால் விற்பனைப் பத்திரம் வாங்கியவர் கையில்தான் இருக்கும், விற்றவர் வீட்டில் இருக்காது. அது பீரோவில் இல்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிலப் பதிவு அலுவலகத்தில் தேடினால்தான் தெரியும். வவுச்சர் நகல்களும் அப்படித்தான். காசாளர் நாற்காலி பொல்லாதது. மேலே இருப்பவர் வாய்மொழியாகப் பணம் எடுக்கச் சொல்வார், நாளைக்குக் கணக்கு இடித்தால் பழி காசாளர் மேல் விழும். அதற்குப் பயந்து நகல் எடுத்து வீட்டில் பூட்டி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பட்டியல்கூட, அப்பா யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற குறிப்பாக இருக்கலாம். ஆனால் நிரப்பாத ரசீதும், மெஷின் பில்லோடு ஒத்துப்போகும் கூட்டுத்தொகையும் நல்ல அறிகுறி இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இதைத் தீர்க்க அச்சகத்தின் முதல் மூன்று வருடப் பேரேடு, மூலதனக் கணக்கு, அந்தக் காலத்து வங்கிப் பாஸ்புக், மெஷின் விற்றவர் கொடுத்த ரசீது ஆகியவை வேண்டும். மெஷினுக்கு மொத்தமாக ரொக்கம் கொடுத்தாரா, தவணையில் கட்டினாரா? வேலையை விட்டபோது பணிக்கொடை, சேமநிதி என்று கையில் எவ்வளவு வந்தது? 19 வருட வேலைக்கு அது சின்னத் தொகையாக இருக்காது. இப்படி ஒரு குடும்பம் இரண்டு வருடம் தூங்காமல் கிடந்தது. கடைசியில் பார்த்தால், அவர்கள் சந்தேகப்பட்ட பணம் தாய்மாமன் கொடுத்த கைமாற்று. திருப்பிக் கட்டிய குறிப்பு மூன்றாம் வருடப் பேரேட்டில் இருந்தது. உங்கள் கதை அப்படி முடியும் என்று சொல்லவில்லை. பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள் என்கிறேன்.

இனி மோசமான பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பணம் கையாடியதுதான் என்று வையுங்கள்.

"தப்பு செய்தது நான் இல்லை" என்கிறீர்கள். கையாடலைப் பொறுத்தவரை அது முழு உண்மை. அப்பா செய்த குற்றத்துக்கு மகனைச் சிறைக்கு அனுப்ப முடியாது. ஆனால் இரண்டாவதாக ஒரு குற்றம் இருக்கிறது: குற்றத்தில் வந்த சொத்து என்று தெரிந்தே அதை வைத்திருப்பது, பயன்படுத்துவது, மறைப்பது, நல்ல சொத்துபோலக் காட்டுவது. இங்கிலாந்தில் 'தெரிந்து' என்பதோடு 'சந்தேகித்து' என்பதும் சட்டத்தில் இருக்கிறது. எவ்வளவு சந்தேகம் இருந்தால் போதும் என்ற கேள்விக்கு அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல் பதில் சொன்னது: வெறும் கற்பனையாக இல்லாமல், இருக்கலாம் என்று மனத்தில் பட்டாலே போதும். அந்தச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 14 வருடம். இந்தியாவில் பொதுவாக 3 முதல் 7 வருடம்.

இதன் பொருள் என்னவென்றால், போன மாதம் வரை இருந்த உங்கள் நிலை வேறு, இன்றைய நிலை வேறு. ஏறக்குறைய ஒன்பது வருடம் ஒன்றும் தெரியாமல் நடத்தினீர்கள். அதற்காக உங்களைக் குற்றவாளியாக்குவது கடினம். பீரோவைத் திறந்த நாளிலிருந்து நீங்கள் செய்யும் ஒவ்வொன்றும் தெரிந்து செய்ததாகவே பார்க்கப்படும். கோப்பைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு 'எனக்கு எதுவும் தெரியாது' என்று இருந்துவிடலாம் என நினைக்க வேண்டாம். கண்டும் காணாமல் இருப்பதை நீதிமன்றங்கள் கண்டதாகவே எடுத்துக்கொள்ளும். கோப்பைக் கிழித்துப் போட்டால் சாட்சியத்தை அழித்த குற்றமும் சேரும்.

வரி கட்டியதைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். வரி கட்டினால் பணம் வெள்ளையாகிவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961-இலேயே, கையாடிய பணத்துக்கும் வருமான வரி உண்டு என்று சொல்லிவிட்டது. வரித் துறைக்கு வருமானம் வந்ததா என்பதுதான் கணக்கு, எப்படி வந்தது என்பது வேறு துறையின் கணக்கு. உங்கள் வரிக் கணக்கு வேறு விதத்தில் உதவும். இந்த ஒன்பது வருடத்தில் வந்த லாபம் உண்மையான வேலையில், உண்மையான வாடிக்கையாளரிடமிருந்து வந்தது என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதைப் பத்திரமாக வையுங்கள்.

நீங்கள் நேரடியாகக் கேட்காத, ஆனால் உங்களை உறுத்துவதாக எனக்குத் தோன்றும் கேள்வி ஒன்று இருக்கிறது. அப்பா போட்டது இரண்டு மெஷின். மீதி எல்லாம் என் உழைப்பு. அதுவும் போய்விடுமா?

இங்கே சட்டம் கொஞ்சம் இரக்கமற்றது. இங்கிலாந்தில் ஒருவர், மனை வாங்கப் பலர் நம்பிக் கொடுத்திருந்த பணத்திலிருந்து 20,440 பவுண்டு எடுத்துத் தன் ஆயுள் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டினார். அவர் இறந்ததும் 10 லட்சம் பவுண்டு வந்தது. பலன் போக வேண்டியது பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு இந்தத் திருட்டு பற்றி எதுவும் தெரியாது. எடுத்த தொகையை வட்டியோடு கொடுத்துவிட்டால் போதுமா என்பதுதான் வழக்கு. 2000-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், போதாது என்றது. பிரீமியத்தில் எத்தனை பங்கு பறிகொடுத்தவர்களின் பணமோ, அந்த 10 லட்சத்திலும் அத்தனை பங்கு அவர்களுக்கு என்று தீர்ப்பு. 1993-இல் இன்னொரு வழக்கு: ஹாங்காங்கில் அரசு வழக்கறிஞராக இருந்தவர் லஞ்சப் பணத்தில் நியூசிலாந்தில் மூன்று அசையாச் சொத்துகள் வாங்கினார். இரண்டு அவர் பெயரிலும் மனைவி பெயரிலும், ஒன்று அவருடைய வக்கீல் பெயரில். விலை ஏறியிருந்தால் அந்த ஏற்றமும் அரசுக்கே சேரும் என்று, லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது.

ஆனால் உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று நினைக்கிறேன். காப்பீடு பழுக்க யாரும் வியர்வை சிந்த வேண்டியதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் முன்னால் நின்று அச்சகத்தை வளர்த்தது நீங்கள். அப்படிப்பட்ட இடங்களில் உழைப்புக்கும் திறமைக்கும் ஒரு நியாயமான தொகையைக் கழித்துக்கொடுக்கும் வழக்கம் நீதிமன்றங்களுக்கு உண்டு. நீங்கள் பிற்பாடு கடன் வாங்கி, அதை அடைத்துச் சேர்த்த மெஷின்களின் நிலையும் வேறு. அதனால்தான் எந்த மெஷின் எந்தப் பணத்தில் வந்தது என்று பிரித்துக் காட்டும் கணக்கு இவ்வளவு முக்கியமாகிறது. பழைய மெஷினை விற்ற பணத்தில் புதியது வாங்கியிருந்தால், பழைய பணத்தின் நிழல் புதியதன் மேலும் விழும். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கலந்து வைத்திருந்தால் பிரித்துக் காட்டும் பாரம் உங்கள் தலையில் வந்து விழலாம்.

'பழைய சங்கதி, காலாவதி ஆகியிருக்குமே' என்று யாராவது தைரியம் சொல்வார்கள். பல நாடுகளில், மறைக்கப்பட்ட மோசடிக்குக் கெடு கண்டுபிடித்த நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும். 'அவரே இறந்துவிட்டாரே' என்பார்கள். ஆள்மேல் வழக்கு இல்லாமல் சொத்தின் மேலேயே வழக்கு நடத்தும் முறை அயர்லாந்தில் 1996 முதலே இருக்கிறது. ஊழலுக்கு எதிரான 2003 ஐ.நா. உடன்படிக்கையும், செய்தவர் இறந்துபோனாலும் சொத்தைப் பறிமுதல் செய்ய வழி வைக்க முடியுமா என்று நாடுகளைப் பரிசீலிக்கச் சொல்கிறது. கூடவே ஒன்று. விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குச் சட்டம் காட்டும் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் வாங்கவில்லை, வாரிசாகப் பெற்றீர்கள். அப்பாவின் சொத்தில் பங்கு வாங்கிய அக்கா தங்கை யாராவது இருந்தால் அவர்களுக்கும் இதே கதைதான்.

மனைவி பெயருக்கு மாற்றும் யோசனை. வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே என்னை உலுக்கியது அந்த ஒரு வரிதான். சந்தேகம் வந்த பிறகு, காரணம் இல்லாமல், விலை இல்லாமல், நெருங்கிய உறவின் பெயருக்குச் சொத்தை நகர்த்துவது எந்த விசாரணை அதிகாரியும் முதலில் தேடும் அடையாளம். பணத்தை வெள்ளையாக்குவது என்றால் என்ன என்று பாடம் எடுப்பவர்கள் சொல்லும் உதாரணமே அதுதான். ஒன்றும் அறியாத உங்கள் மனைவியையும் உள்ளே இழுத்துவிட்டு, அறியாதவர் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளும் வாய்ப்பையும் அதோடு எரித்துவிடுவீர்கள். மெஷினை அவசரமாக விற்பது, பெரிய தொகையாகப் பணம் எடுப்பது, வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு அனுப்புவது எல்லாம் இதே ரகம்.

வங்கிப் படிவத்தையும் நிறுத்தி வையுங்கள். 'நிலம் விற்ற பணம்' என்று இன்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது தவறு என்று பின்னால் தெரியும்போது அப்பாவின் பழைய கையாடல் பின்னுக்குப் போய்விடும். பொய் சொல்லிக் கடன் வாங்கியதாக ஒரு புதுக் குற்றம், உங்கள் கையெழுத்தோடு, முன்னால் வந்து நிற்கும். கடன் விண்ணப்பத்தை இப்போதைக்குத் திரும்பப் பெறுவதில் தவறில்லை. எப்படிச் சொல்லித் திரும்பப் பெறுவது என்பதையும் வழக்கறிஞரிடமே கேளுங்கள். நண்பர் விஷயத்திலும் இதுவே. பங்கு ஒப்பந்தத்தில் 'இந்தத் தொழிலின் சொத்துகள் வில்லங்கம் இல்லாதவை' என்ற உறுதிமொழி கட்டாயம் இருக்கும். தெரிந்துகொண்டே அதில் கையெழுத்துப் போட்டால் அவர் ஒப்பந்தத்தை முறித்து நஷ்டஈடு கேட்கலாம். பணத்தோடு நட்பும் போகும். அவரிடம் இப்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'இந்த வருடம் வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இதற்கெல்லாம் என்ன ஆபத்து என்று யாராவது கேட்டால் எல்லோரும் சிறையைத்தான் சொல்வார்கள். என் அனுபவத்தில் தொழிலைக் கொல்வது வேறு. என்னிடம் வந்த ஒருவரின் கணக்கு 28-ஆம் தேதி முடங்கியது. 1-ஆம் தேதி சம்பளம். ஏன் முடங்கியது என்று வங்கி வாயைத் திறக்கவில்லை. சந்தேகத்துக்குரிய பணம் என்று வங்கியிலிருந்து அரசுக்கு அறிக்கை போயிருந்தால் அதை வாடிக்கையாளரிடம் சொல்வதே வங்கிக்காரருக்குக் குற்றம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பத்து நாளில் சரக்குக் கொடுப்பவர்கள் கடனை நிறுத்தினார்கள். மூன்றாம் மாதம் நல்ல ஆட்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டார்கள். விசாரணை முடிவில் அவர்மேல் தப்பில்லை என்று ஆனது. ஆனால் திறப்பதற்குக் கடை இல்லை. இந்தியாவில் தற்காலிக முடக்கமே 180 நாள் வரை நீடிக்கலாம். அதை உறுதி செய்துவிட்டால் இன்னும் நீளும். 14 பேருக்குச் சம்பளம் கொடுக்கும் எந்த அச்சகம் 180 நாள் மூச்சை அடக்கும்?

இத்தாலியின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1982 முதல் அங்கே மாஃபியா சொத்துகளைப் பறிமுதல் செய்கிறார்கள். 1996-இல் வந்த சட்டம் அவற்றைச் சமூகப் பயன்பாட்டுக்குக் கொடுக்க வழி செய்தது. நிலமும் வீடும் நன்றாகவே பயன்பட்டன. நிறுவனங்கள்தான் தடுமாறின. வட்டியில்லாத குற்றப் பணமும் மிரட்டிப் பிடித்த வாடிக்கையாளர்களும் போய், முறையான சம்பளம், வரி, வங்கி வட்டி என்று வந்ததும், லாபமாகத் தெரிந்தது லாபமே இல்லை என்று பல நிறுவனங்களில் வெளிச்சமாகிவிட்டது. உங்கள் அச்சகம் அந்த ரகம் இல்லை என்பது உங்களுக்குப் பலம். முதல் எங்கிருந்து வந்திருந்தாலும், ஒன்பது வருடமாக அது சொந்தக் காலில் நிற்கிறது. வழக்கறிஞர் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது கையில் இருக்கும் நல்ல சீட்டு அதுதான்.

பேச்சுவார்த்தை என்றேன். அப்பாவின் பழைய நிறுவனம் இன்னும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, கணக்கும் கையாடலைத்தான் காட்டினால், திருப்பிக் கொடுப்பது பற்றி யோசிக்கலாம். தவணையாகவோ ஒரு பங்காகவோ எப்படியும் அமையலாம். ஆனால் நீங்களாகப் போன் செய்யாதீர்கள். இழப்பை ஈடுசெய்வது ஒன்று. புகார் கொடுக்காமல் இருக்கப் பணம் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவது சில நாடுகளில் தனிக் குற்றம், இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை நல்ல மனசை மட்டும் வைத்துக்கொண்டு போட முடியாது. இங்கிலாந்து போன்ற இடங்களில் அதிகாரிகளிடம் முன்கூட்டியே தெரிவித்து, தொடர்ந்து நடத்த அனுமதி கேட்கும் வழியும் இருக்கிறது. அப்படி ஒரு வழி உங்கள் நாட்டில் இருந்தால், விசாரணை உங்கள் வாசலுக்கு வருவதற்கு முன் நீங்கள் போவதற்கும் பின்பு போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அம்மாவை விடுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். நீங்கள் துருவித் துருவிக் கேட்டால் நாளை விசாரணையில் 'மகன் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார்' என்ற பேச்சு வரும். கேட்க வேண்டியதை வழக்கறிஞர் கேட்கட்டும். அச்சகத்தில் யாரிடமும் சொல்ல வேண்டாம். சம்பளம், காகிதக் கடன், வரி எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும். செய்த வேலைக்குச் சம்பளமும் வாங்கிய சரக்குக்கு விலையும் கொடுப்பதில் பொதுவாகத் தொல்லை வராது. இருந்தாலும் முதல் சந்திப்பிலேயே அதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு என்று எடுக்கும் தொகையைக் குறைத்து, இந்த மாதத்திலிருந்து வரும் லாபத்தைத் தனிக் கணக்கில் விடலாமா என்றும் கேளுங்கள்.

கோப்பு எந்த வரிசையில் இருந்ததோ அப்படியே ஓர் உறையில் போட்டு, கிடைத்த தேதியையும் இடத்தையும் மேலே எழுதி, நேரில் கொண்டுபோய் வழக்கறிஞரிடம் கொடுங்கள். போனில் எடுத்த படங்களை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். அவை இருக்கின்றன என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் மூன்று வருடப் பேரேடுகள் பரணிலோ குடோனிலோ கிடக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். கரையான் அரித்திருந்தாலும் எடுத்து வையுங்கள். அரித்த பேரேட்டை வாசித்துப் பழகிய கண் எனக்கு உண்டு. உங்கள் வழக்கறிஞர் கேட்டு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.